போதைச் சார்பு, மனநலக் கொள்கைத் துறையில் வழக்கறிஞர் பணி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சட்டம் படித்துக்கொண்டிருப்பவர்களும், சில ஆண்டுகள் நீதிமன்றத்தில் வாதாடிய பிறகு வேறு திசையில் போக நினைப்பவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். நான் மருத்துவம் படித்தவன் அல்லன். மனநலச் சட்டங்கள், போதைப்பொருள் சட்டங்கள் ஆகியவற்றின் வரைவுகளையும் விதிகளையும் படிவங்களையும் எழுதுவதும் திருத்துவதுமே என் தொழில். சில பதில்கள் நீண்டுவிட்டன. சிக்கல் அதிகமாக இருக்கும் இடங்கள் அவை.

மனநலமும் போதைச் சிகிச்சையும் மருத்துவர்களின் துறை அல்லவா? வழக்கறிஞருக்கு அங்கே என்ன வேலை?

சர்க்கரை நோய் உள்ள ஒருவர் மாத்திரையை மறுத்தால், அவரைப் பிடித்து ஓர் அறையில் பூட்டி வைக்க எந்த நாட்டின் சட்டமும் அனுமதிப்பதில்லை. மனநோயிலோ ஒரு மருத்துவரின் கையெழுத்து ஒருவரின் நடமாட்டச் சுதந்திரத்தைப் பறிக்க முடியும். போதைச் சார்பில் நிலைமை இன்னும் விசித்திரமானது: நோயின் முதன்மையான அறிகுறி எதுவோ, அதுவே பல நாடுகளில் குற்றமாகவும் இருக்கிறது. இவற்றோடு, சிகிச்சை பெற்றார் என்ற ஒரு வரிக் குறிப்பு ஒருவரின் வேலையையும், குழந்தையைத் தன்னிடம் வைத்துக்கொள்ளும் உரிமையையும் பறித்துவிடலாம். காப்பீட்டு நிறுவனம் உடல் நோய்க்குக் கொடுக்கும் பணத்தை இந்த நோய்க்குக் கொடுக்க மறுக்கலாம். சுதந்திரம், குற்றம், இரகசியம், பணம் என்ற இந்த நான்கையும் மருத்துவப் புத்தகம் தீர்மானிப்பதில்லை.

பெரிய சொற்களை விட்டுவிட்டு ஒரு சிறிய உதாரணம் சொல்கிறேன். ஒரு மறுவாழ்வு மையத்தின் ஒப்புதல் படிவத்தைப் பரிசீலிக்கும்படி ஒருமுறை என்னிடம் தந்தார்கள். ஒரே பக்கம், சுத்தமான அச்சு, கடைசியில் கையெழுத்துக்கான கோடு. அந்தக் கோட்டின் கீழே ‘நோயாளி / பாதுகாவலர்’ என்று அச்சிட்டிருந்தது. கோப்பில் இருந்த பழைய படிவங்களைப் புரட்டினேன். அநேகமாக எல்லாவற்றிலும் அப்பாவோ மனைவியோ அண்ணனோதான் கையெழுத்திட்டிருந்தார்கள். நோயாளி சுயநினைவோடு பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோதும் அவரை யாரும் கேட்கவில்லை, ஏனென்றால் அந்தச் சாய்வுக்கோடு ‘இருவரில் யாராவது ஒருவர் போதும்’ என்று அனுமதி அளித்திருந்தது. இரண்டு பேருக்கும் தனித்தனிக் கோடுகள் போட்டு, நோயாளியின் கோடு வெறுமையாக இருந்தால் அதற்கான காரணத்தை மருத்துவர் எழுதி நேரம் குறிக்க வேண்டும் என்று மாற்றினோம். அன்றைய வேலை அவ்வளவுதான். இந்தத் தொழிலில் ஒரு நாள் பெரும்பாலும் இப்படித்தான் கழியும்.

மனநலமும் போதைச் சார்பும் ஒரே துறையா, இரண்டு துறைகளா?

மருத்துவத்தில் அவை நெடுங்காலமாகவே அடுத்தடுத்த அறைகள். சட்டத்தில் அவற்றுக்கு வேறு வேறு அப்பன்கள்: ஒன்று பழைய பித்தர் விடுதிச் சட்டங்களிலிருந்து வந்தது, மற்றொன்று சுங்கம், கலால், காவல் ஆகியவற்றிலிருந்து வந்தது. அதனால் ஒரே மனிதர் இரண்டு பிரச்சினைகளோடும் வந்து நிற்கும்போது, இந்தச் சட்டம் அந்தச் சட்டத்தைக் காட்டும்; அந்தச் சட்டம் இந்தச் சட்டத்தைக் காட்டும்.

1950இல் எழுதப்பட்ட ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையின் 5ஆம் உறுப்பைப் படித்துப் பாருங்கள். யாரையெல்லாம் சட்டப்படி அடைத்து வைக்கலாம் என்ற பட்டியலில், தொற்றுநோய் பரப்பக்கூடியவர்கள், சித்தசுவாதீனம் இல்லாதவர்கள், குடிநோயாளிகள், போதைப் பழக்கம் உள்ளவர்கள், நாடோடிகள் எல்லோரும் ஒரே வரியில் அடுக்கப்பட்டிருக்கிறார்கள். எழுதியவர்களின் கண்ணுக்கு இவர்கள் எல்லோரும் ஒரே கூட்டமாகத் தெரிந்திருக்கிறார்கள். இந்தியாவின் 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம் வேறு வழியில் இணைக்கிறது: மனநோய் என்பதற்கான வரையறைக்குள்ளேயே மதுவையும் போதைப்பொருளையும் தவறாகப் பயன்படுத்துவதோடு தொடர்புடைய மனநிலைகளைச் சேர்த்துக்கொள்கிறது. இதன் விளைவு நடைமுறையில் மிகப் பெரியது, ஏனென்றால் அந்தச் சட்டம் மனநோயாளிக்குத் தரும் பாதுகாப்புகளை ஒரு குடிநோயாளியும் மறுவாழ்வு மையத்தின் வாசலில் நின்று கேட்க முடிகிறது. புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்வது, எந்த நாட்டின் சட்டத்தை எடுத்தாலும் முதலில் வரையறைப் பிரிவைப் படிக்க வேண்டும், முகவுரையைக் கடைசியில் படித்தால் போதும் என்பதுதான்.

நீதிமன்றத்தில் வாதாடி மாற்றம் கொண்டுவருவது நல்லதா, சட்டம் எழுதும் இடத்தில் இருப்பது நல்லதா?

இரண்டும் தேவை. ஆனால் வழக்கில் வென்றவுடன் வேலை முடிந்தது என்று நினைப்பவர்களுக்கு நான் எப்போதும் அலபாமா வழக்கைச் சொல்வேன்.

1970இல் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் மனநலத்துக்கு ஒதுக்கப்பட்டிருந்த சிகரெட் வரி வருவாய் குறைக்கப்பட்டது. டஸ்கலூசா நகரிலுள்ள பிரைஸ் என்ற அரசு மனநல மருத்துவமனையில் சுமார் 100 ஊழியர்கள் வேலையை இழந்தார்கள். அவர்கள் தங்கள் வேலைக்காகத்தான் நீதிமன்றம் போனார்கள். நோயாளிகளுக்கும் பாதிப்பு வரும் என்று காட்டுவதற்காக, ஊழியர் ஒருவரின் உறவினரும் அங்கே அடைக்கப்பட்டிருந்தவருமான 15 வயதுச் சிறுவன் ரிக்கி வயட் வாதியாகச் சேர்க்கப்பட்டான். நீதிபதி ஃபிராங்க் ஜான்சன் வேலை நீக்கப் பிரச்சினையை ஒதுக்கிவிட்டு, சிகிச்சைக்காக என்று சொல்லி ஒருவரை அடைத்துவிட்டு அந்தச் சிகிச்சையைத் தராமல் இருக்க அரசுக்கு அதிகாரம் உண்டா என்ற கேள்வியைப் பிடித்துக்கொண்டார். 1971இல் சிகிச்சை பெறும் உரிமையை அங்கீகரித்தார். 1972இல் குறைந்தபட்சத் தரங்களை வகுத்து ஆணையிட்டார். அந்தத் தரங்களைப் படித்தால் சட்டம் போலவே இருக்காது. 8 நோயாளிகளுக்கு ஒரு கழிப்பறை, அறையின் வெப்பம் 68 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழோ 83 டிகிரிக்கு மேலோ போகக்கூடாது என்கிற அளவுக்கு அது கட்டட மேஸ்திரியின் குறிப்பேடு போல இருக்கும். ‘கண்ணியமான சூழல்’ என்று மட்டும் எழுதிவிட்டுப் போயிருந்தால் எதையும் அளந்து கேட்டிருக்க முடியாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

இவ்வளவு தெளிவாக எழுதப்பட்ட அந்த வழக்கு முடிவுக்கு வந்தது 2003இல். தீர்ப்புக்கும் நடைமுறைக்கும் இடையில் 30 ஆண்டுகளுக்கு மேல் கண்காணிப்பு, மேல்முறையீடு, நிதிப் பற்றாக்குறை, மறுபடியும் கண்காணிப்பு. அந்த ஆண்டுகளில் கோப்பைக் கைவிடாமல் வைத்திருந்தவர்களின் பெயர்கள் பாடப்புத்தகத்தில் வருவதில்லை. அந்தப் பொறுமை உங்களிடம் இருக்கிறதா என்பதை நேர்மையாக யோசித்துப் பாருங்கள்.

மருத்துவமும் படிக்க வேண்டுமா?

வேண்டாம். இரண்டையும் படித்தவர்கள் இருந்திருக்கிறார்கள். ‘சிகிச்சை பெறும் உரிமை’ என்ற கருத்தை 1960இல் முன்வைத்துக் கட்டுரை எழுதிய மார்ட்டன் பிர்ன்பாம் மருத்துவராகவும் வழக்கறிஞராகவும் இருந்தார். அது அவருடைய வசதி, நுழைவுத் தகுதி அல்ல.

ஆனால் சில அடிப்படைகள் தெரியாமல் இங்கே வாய் திறக்கக்கூடாது. மதுவை நீண்டகாலம் அதிகமாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பும் மனக்குழப்பமும் வந்து உயிரே போகலாம் என்பது தெரியாத ஒருவர், ‘கைது செய்யப்பட்டவுடன் மது முற்றிலும் நிறுத்தப்பட வேண்டும்’ என்று விதி எழுதிவிடுவார். மெத்தடோன், புப்ரினார்ஃபின் ஆகியவை ஓபியாய்டு (அபின் வகைப் போதைப்பொருள், வலிநிவாரணி) சார்புக்கான மருந்துகள் என்பது தெரியாதவர், அவற்றைப் ‘போதைக்குப் பதில் போதை’ என்று சொல்லி ஒதுக்கிவிடுவார். சில காலம் ஓபியாய்டு எடுக்காமல் இருந்தவரின் உடல் தாங்கும் அளவு குறைந்துவிடுவதால், சிறையிலிருந்து வெளியே வந்த முதல் சில வாரங்களில் மிகையளவு மரணத்தின் ஆபத்து உச்சத்தில் இருக்கும். இது தெரிந்தால்தான் விடுதலை ஆணையோடு, மிகையளவின் விளைவை முறிக்கும் நலோக்சோன் மருந்தையும் மருத்துவமனைச் சந்திப்பையும் சேர்த்து எழுதத் தோன்றும்.

சட்டத்துக்குள்ளேயே பார்த்தால், அரசியலமைப்பு, குற்றவியல் நடைமுறை, தடுப்புக்காவல் ஆகியவற்றோடு, பலரும் வகுப்பில் தூங்கிவிடும் மூன்று பாடங்கள் இங்கே அதிகம் உதவும்: காப்பீட்டுச் சட்டம், அரசு நிதி ஒதுக்கீடு, திவால் சட்டம். திவால் சட்டமா என்று சிரிப்பவர்களுக்கு: 2024 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஓபியாய்டு வலிநிவாரணி தயாரித்த பர்டியூ ஃபார்மா நிறுவனத்தின் வழக்கில் தீர்மானித்தது முழுக்க முழுக்க ஒரு திவால் கேள்வி. திவாலாகாத உரிமையாளர் குடும்பத்தை, பாதிக்கப்பட்டவர்களின் சம்மதம் இல்லாமல், வழக்குகளிலிருந்து விடுவிக்கும் அதிகாரம் திவால் நீதிமன்றத்துக்கு இல்லை என்று 5க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பானது. ஓபியாய்டு வலிநிவாரணிகளால் சிதைந்த குடும்பங்களுக்கான பணம் அந்த ஒரு கேள்வியில் தொங்கிக்கொண்டிருந்தது.

பன்னாட்டு உடன்படிக்கைகளில் எவற்றைக் கட்டாயம் படிக்க வேண்டும்?

போதைப்பொருள் பக்கம் மூன்று: 1961இன் ஒற்றை உடன்படிக்கை, 1971இன் மனநிலையை மாற்றும் மருந்துகள் பற்றிய உடன்படிக்கை, 1988இன் கடத்தல் தடுப்பு உடன்படிக்கை. இவை கைகளைக் கட்டிப் போட்டுவிட்டன, எதையும் மாற்ற முடியாது என்று கொள்கைக் கூட்டங்களில் யாராவது ஒருவர் சொல்வார். 1961 உடன்படிக்கையைத் திருத்திய 1972 நெறிமுறை, போதைப் பழக்கம் உள்ளவர் குற்றம் செய்திருந்தாலும் தண்டனைக்கு மாற்றாகச் சிகிச்சை தரலாம் என்று இடம் விட்டிருக்கிறது. 1988 உடன்படிக்கையில் சொந்த உபயோகத்துக்காக வைத்திருப்பதைக் குற்றமாக்கச் சொல்லும் விதி, ஒவ்வொரு நாட்டின் அரசியலமைப்புக் கோட்பாடுகளுக்கும் உட்பட்டது என்ற சொற்களோடுதான் தொடங்குகிறது. கூட்டத்தில் அந்த வரியை எடுத்து வாசித்துக் காட்டும் ஆள் நீங்களாக இருக்க வேண்டும்.

மனநலப் பக்கம் 2006இல் ஏற்கப்பட்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை. அதன் 12ஆம் உறுப்பு, சட்டத்தின் முன் எல்லோருக்கும் சமமான சட்டத் தகுதி உண்டு என்கிறது. அந்த உடன்படிக்கையைக் கண்காணிக்கும் குழு 2014இல் வெளியிட்ட தன் முதல் பொது விளக்கத்தில், ஒருவருக்காக வேறொருவர் முடிவெடுக்கும் முறைகள் நீங்கி, அவரே முடிவெடுக்க உதவும் முறைகள் வர வேண்டும் என்று சொல்லிவிட்டது. அநேக நாடுகளின் சட்டங்கள் அந்த இடத்துக்கு வந்து சேரவில்லை. இதுதான் இன்று துறையின் ஆழமான பிளவு. ஒருபக்கமாக நின்று எழுதப்பட்டவற்றை மட்டும் படித்துவிட்டு வராதீர்கள்.

அப்படியென்றால் கட்டாயச் சிகிச்சையை எதிர்க்க வேண்டுமா?

இந்தக் கேள்விக்கு ஒரே சொல்லில் பதில் சொல்பவர்களிடம் எனக்குக் கொஞ்சம் பயம் உண்டு. மகன் மூன்று நாளாகச் சாப்பிடாமல், தூங்காமல், கத்தியோடு கதவைச் சாத்திக்கொண்டிருக்கும் வீட்டின் தாயிடம் 12ஆம் உறுப்பைப் பற்றிப் பேச முடியாது. அதே நேரத்தில், சொத்துத் தகராறுக்காகவும், காதலைப் பிரிப்பதற்காகவும், மனைவியைத் தொலைப்பதற்காகவும் மனநலச் சட்டங்களின் கதவு எல்லாக் காலத்திலும் தட்டப்பட்டிருக்கிறது. ஃபுளோரிடாவின் சட்டஹூச்சி அரசு மருத்துவமனையில் கென்னத் டொனால்ட்சன் என்பவர் ஏறத்தாழ 15 ஆண்டுகள் அடைத்து வைக்கப்பட்டார். யாருக்கும் ஆபத்து விளைவிக்காத, வெளியே பாதுகாப்பாக வாழக்கூடிய ஒருவரை அப்படி வைத்திருக்க முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1975இல்தான் ஒருமனதாகச் சொன்னது.

என் நிலைப்பாட்டைச் சொல்கிறேன்: அடைத்து வைப்பது கடைசி வழியாக இருக்க வேண்டும். ‘கடைசி’ என்பதைச் சட்டம் நிரூபிக்கச் சொல்ல வேண்டும், நம்பச் சொல்லக்கூடாது. இதற்கு நல்ல பாடம் போலந்து நாட்டு வழக்கு ஒன்றில் இருக்கிறது. 1994இல் கிராகோவ் நகர அஞ்சலகம் ஒன்றில் தன் அஞ்சல் பெட்டிகள் திறந்து காலியாகக் கிடப்பதாகப் புகார் சொல்லப் போன வித்தோல்ட் லித்வா என்பவரை, குடித்துவிட்டுத் தகாத முறையில் நடந்துகொண்டார் என்று காவலர்கள் போதை தெளியவைக்கும் மையத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே அவர் ஆறரை மணி நேரம் இருந்தார். ஆறரை மணி நேரம்தானே என்று எவரும் தோளைக் குலுக்கிவிட்டுப் போகக்கூடிய விஷயம். ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2000இல் அதை உரிமை மீறல் என்றது. காரணம் எளிமையானது: போலந்துச் சட்டமே வேறு வழிகளையும் கொடுத்திருந்தது, அவரை வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டிருக்கலாம்; அதை யாரும் யோசித்ததற்கான தடயமே இல்லை.

பெயர் மாற்றத்தாலும் ஏமாற வேண்டாம். இந்தியாவின் 2017 சட்டம் கட்டாய அனுமதி என்ற சொல்லைத் தவிர்த்து ‘ஆதரவுடன் கூடிய அனுமதி’ என்கிறது. முதல் கட்டத்துக்கு 30 நாள் என்ற வரம்பும், மனநல மறுஆய்வு வாரியத்திடம் முறையிடும் வழியும் வைத்திருக்கிறது. சொல் அன்பாக இருப்பது நல்லதுதான். நான் பார்ப்பது 31ஆம் நாள் காலையில் கதவைத் திறக்கும் பொறுப்பு யாருடைய பெயரில் எழுதப்பட்டிருக்கிறது என்பதை.

போதைப் பழக்கத்தைக் குற்றமாகப் பார்க்காமல் நோயாகப் பார்த்தால் போதாதா?

போதாது என்பதை இரண்டு இடங்களை அருகருகே வைத்தால் புரியும்.

போர்ச்சுகல் 2000இல் இயற்றிய சட்டம் 2001 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. சராசரியாக 10 நாள் உபயோகத்துக்கு மிகாத அளவு வைத்திருப்பது குற்றமாக இல்லாமல் நிர்வாக மீறலாக மாறியது. பிடிபட்டவர் ஒரு குழுவின் முன் போக வேண்டும். மூன்று பேர் கொண்ட அந்தக் குழுவில் ஒருவர் சட்டம் படித்தவராக இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. மற்றவர்கள் மருத்துவம், உளவியல், சமூகப் பணி போன்ற துறைகளிலிருந்து வருவார்கள். கறுப்பு அங்கி இல்லை, ஒரு மேசையைச் சுற்றிய உரையாடல். அதே காலத்தில் சிகிச்சை வசதிகளும் விரிவாக்கப்பட்டன.

அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் 2020 நவம்பரில் மக்கள் வாக்களித்து ஏற்ற 110ஆம் முன்மொழிவு அதே திசையில் போனது. 2021 பிப்ரவரி முதல், சிறிய அளவு வைத்திருந்தவருக்கு 100 டாலர் அபராதச் சீட்டு மட்டும். ஒரு தொலைபேசி எண்ணை அழைத்து உடல்நல மதிப்பீட்டுக்கு உட்பட்டால் அந்த அபராதமும் ரத்து. மிகச் சிலரே அழைத்தார்கள். அபராதம் கட்டாதவருக்கு எதுவும் நடக்கவில்லை. சிகிச்சைக்கான பணம் ஒதுக்கப்பட்டும் மையங்களின் கைக்கு வந்து சேரத் தாமதமானது. அதே ஆண்டுகளில் ஃபென்டனில் என்ற மிக வீரியமான செயற்கை ஓபியாய்டு மேற்குக் கடற்கரையைப் பிடித்தது. 2024இல் சட்டமன்றம் மறுபடியும் அதைக் குற்றமாக்கியது. தண்டனையை நீக்கியதுதான் தவறு என்று சிலர் இதைப் படிக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. போர்ச்சுகலில் தண்டனை இருந்த இடத்தில் மூன்று மனிதர்கள் உட்கார்ந்தார்கள். ஆரிகனில் அந்த இடத்தில் ஒரு தொலைபேசி எண் அச்சிட்ட காகிதம் இருந்தது.

நீதிமன்றங்களும் இந்தக் கேள்வியில் தடுமாறியிருக்கின்றன. 1962இல் ராபின்சன் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், போதைக்கு ஆட்பட்டிருக்கும் நிலையையே குற்றமாக்குவது அரசியலமைப்புக்கு விரோதம் என்றது. ராபின்சனின் கையில் இருந்த ஊசித் தழும்புகளே அவருக்கு எதிரான முக்கியச் சாட்சியமாக இருந்தன. ஆறே ஆண்டுகளில், 1968இல், பொது இடத்தில் குடித்திருந்ததற்கான தண்டனையை பவல் வழக்கில் அதே நீதிமன்றம் ஒரு வாக்கு வித்தியாசத்தில் ஏற்றது. நிலை வேறு, நடத்தை வேறு என்பது வாதம். வீடு இல்லாத குடிநோயாளிக்கு இரண்டும் ஒன்றுதான். இன்னொன்று, ராபின்சன் தன் வெற்றியை அறியவே இல்லை. தீர்ப்பு வருவதற்குப் பல மாதங்களுக்கு முன்பே அவர் இறந்துவிட்டார். அது நீதிமன்றத்துக்குத் தெரியாது.

பணத்தைப் பற்றிய உட்பிரிவுகளுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் கொடுக்கிறீர்கள்?

1998இல் அமெரிக்காவின் 46 மாநிலங்கள் புகையிலை நிறுவனங்களோடு செய்துகொண்ட உடன்பாட்டின் மதிப்பு முதல் 25 ஆண்டுகளுக்கு 200 பில்லியன் டாலருக்கும் மேல். அந்தப் பணத்தைப் புகைப்பழக்கத் தடுப்புக்குத்தான் செலவிட வேண்டும் என்ற கட்டாயத்தை யாரும் எழுதவில்லை. பெரும்பகுதி மாநிலங்களின் வரவு செலவுப் பள்ளங்களை நிரப்பப் போனது. 2021இல் மூன்று மருந்து வினியோக நிறுவனங்களோடும் ஜான்சன் அண்டு ஜான்சன் நிறுவனத்தோடும் 26 பில்லியன் டாலருக்கு ஓபியாய்டு உடன்பாடு வந்தபோது, முந்தைய காயம் நினைவிருந்தவர்கள் குறைந்தது 85 விழுக்காடு இந்த நெருக்கடியைத் தணிக்கும் பணிகளுக்கே போக வேண்டும் என்று எழுதிக்கொண்டார்கள். ‘தணிக்கும் பணி’ என்பதற்குள் காவல்துறை வாகனம் வருமா என்று இன்றும் சண்டை நடக்கிறது. ஆனாலும் சண்டை போட ஒரு வரி இருக்கிறது.

இதே வகையில்தான் காப்பீட்டுச் சமத்துவமும். அமெரிக்காவில் 2008ஆம் ஆண்டுச் சட்டமும், இந்தியாவில் 2017 சட்டத்தின் 21ஆம் பிரிவும் மனநோய்க்கு உடல் நோய்க்கு நிகரான காப்பீட்டைக் கேட்கின்றன. அறைவாடகை உச்சவரம்பு, முன் அனுமதி, ‘மருத்துவ ரீதியில் தேவையில்லை’ என்ற ஒற்றை வரி மறுப்பு ஆகியவற்றில்தான் அந்தச் சமத்துவம் தோற்கிறது. மறுப்புக் கடிதங்களை நூற்றுக்கணக்கில் படிக்கும் அலுப்பான வேலைக்கு ஆள் எப்போதும் குறைவு.

எந்தச் சொற்களைப் பயன்படுத்த வேண்டும்? ‘போதைக்கு அடிமை’ என்று எழுதலாமா?

நான் எழுதுவதில்லை. ‘அடிமை’ என்ற சொல்லுக்குத் தமிழில் ஒரு நீண்ட வரலாறு உண்டு. அடிமைக்கு விருப்பம் கிடையாது, வாக்குறுதி கொடுக்கத் தகுதி கிடையாது, அவனுக்காக இன்னொருவர் முடிவெடுப்பார். ஒருவரை அப்படி அழைத்துவிட்டு அடுத்த பத்தியில் அவருடைய ஒப்புதலைப் பற்றிச் சட்டம் எழுதுவது முரண். ‘போதைச் சார்பு உள்ளவர்’ என்பது கொஞ்சம் நீளம், நாக்குக்குப் பழகும். ‘குடிகாரர்’ என்பதற்கு எதிராகக் ‘குடிநோயாளி’ என்ற சொல் எழுத்திலும் பேச்சிலும் நன்றாகவே வேரூன்றிவிட்டது. ‘சித்தசுவாதீனம் இல்லாதவர்’ என்பது பழைய ஆவணங்களில் வரும். மேற்கோள் காட்டும்போது மட்டும் போதும். ஆனால் இதிலேயே முழு நேரத்தையும் செலவிட்டுவிட்டு, தண்டனைப் பிரிவைத் தொடாமல் எழுந்துபோகும் குழுக்களையும் பார்த்திருக்கிறேன்.

நோயாளிகளோடும் செவிலியர்களோடும் பேசுவது அவசியமா? ஆவணங்கள் போதாதா?

ஒருமுறை ஒரு வரைவில், ‘அனுமதிக்கப்பட்ட 24 மணி நேரத்துக்குள் மனநல மருத்துவர் பரிசோதிக்க வேண்டும்’ என்று எழுதியிருந்தேன். மிகவும் தெளிவான வாக்கியம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கருத்துக் கேட்புக்கு வந்த ஒரு மூத்த செவிலியர், ‘எப்போதிலிருந்து சார் 24 மணி நேரம்? வாசலில் வந்து இறங்கியதிலிருந்தா, பதிவேட்டில் ஏற்றியதிலிருந்தா, படுக்கை கொடுத்ததிலிருந்தா?’ என்று கேட்டார். தன் பிரிவில், வெள்ளிக்கிழமை மாலை கொண்டுவரப்பட்ட ஒருவரைத் திங்கட்கிழமை காலை எழுத்தர் வந்த பிறகே பதிவேட்டில் ஏற்றுவார்கள், காகிதத்தில் எல்லாம் 24 மணி நேரத்துக்குள் முடிந்திருக்கும் என்றார். என் வாக்கியம் மூன்று இரவுகளையும் இரண்டு பகல்களையும் விழுங்கியிருக்கும். ‘கட்டடத்துக்குள் நுழைந்த நேரம்’ என்று மாற்றி, அந்த நேரத்தைக் காவலாளியின் பதிவேட்டிலும் குறிக்க வேண்டும் என்று சேர்த்தோம். அதற்குப் பிறகு, இரவுப் பணியில் இருப்பவர்களையும், அந்தக் கட்டிலில் படுத்து எழுந்தவர்களையும் கேட்காமல் நேரம் குறித்து எதையும் நான் எழுதுவதில்லை.

சிகிச்சைத் தகவல்களின் இரகசியத்தைப் பற்றி என்ன தெரிந்திருக்க வேண்டும்?

சிகிச்சைக்கு வந்தால் காவல்துறைக்குத் தெரிந்துவிடும் என்றால் யாரும் வரமாட்டார்கள். இந்த எளிய காரணத்துக்காகவே அமெரிக்கா 1970களின் தொடக்கத்தில் போதைச் சிகிச்சை ஆவணங்களுக்குச் சாதாரண மருத்துவ ஆவணங்களைவிடக் கடுமையான பாதுகாப்புக் கொடுத்தது. 2024இல் அந்த விதிகள் பொதுவான மருத்துவ இரகசிய விதிகளுக்குப் பெரிதும் நெருங்கிவிட்டன. இந்தியாவின் 1985 போதைப்பொருள் சட்டத்தில், சிறிய அளவு தொடர்பான குற்றத்தில் சிக்கியவர் தாமாக முன்வந்து சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து விலக்குத் தரும் 64ஏ பிரிவு இருக்கிறது. ஒரு மருத்துவமனை ஊழியர் காவல்துறைக்குப் பேசும் ஒரே தொலைபேசி அழைப்பில் அந்த விலக்கின் மீதான நம்பிக்கை கெட்டுவிடும்.

எனக்கே மனநோயோ போதைச் சார்போ இருந்திருக்கிறது. இந்தத் துறைக்கு வரலாமா?

தாராளமாக வரலாம். எலின் சாக்ஸ் என்ற அமெரிக்கச் சட்டப் பேராசிரியர் மனச்சிதைவு நோயோடு வாழ்பவர். கட்டிலில் கட்டிவைக்கப்பட்ட அனுபவம் அவருக்கு உண்டு. மனநலச் சட்டத்தில் முடிவெடுக்கும் தகுதியைப் பற்றி எழுதும் முக்கியமானவர்களில் அவர் ஒருவர். 2009இல் மக்ஆர்தர் நிதிநல்கை பெற்றார்.

சட்டத்தொழிலே இந்த நோய்களுக்கு வெளியே இல்லை. 2016இல் வெளியான ஓர் ஆய்வு அமெரிக்காவில் தொழில் செய்யும் 12,825 வழக்கறிஞர்களைக் கேட்டது. அவர்களில் 20.6 விழுக்காட்டினரின் குடிப்பழக்கம் சிக்கலான அளவில் இருந்தது. 28 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வின் அறிகுறிகள் இருந்தன. தொழிலில் இளையவர்களிடமே குடிச்சிக்கல் அதிகம் காணப்பட்டது. நம் கட்சிக்காரர்களைப் பற்றி ‘அவர்கள்’ என்று பேசும்போது இந்த எண்களை நினைத்துக்கொள்வது நல்லது.

ஓர் எச்சரிக்கை மட்டும் உண்டு. உங்கள் கதையை எப்போது, எவ்வளவு, யாரிடம் சொல்வது என்பது உங்கள் உரிமை. கூட்டத்துக்குக் கூட்டம் அதையே சொல்லவைத்து, வரைவு எழுதும்போது மட்டும் உங்களைக் கூப்பிட மறக்கும் அமைப்புகள் இருக்கின்றன. வரைவு மேசையில் இடம் உண்டா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

எங்கே வேலை கிடைக்கும்? வருமானம் எப்படி?

சட்ட உதவி அமைப்புகள், சட்டத்துறை, சுகாதாரத்துறை, நாடாளுமன்றக் குழுச் செயலகங்கள், மனநல மறுஆய்வு வாரியங்கள், பல்கலைக்கழகங்கள், தொண்டு நிறுவனங்கள். வணிகச் சட்டத்தில் கிடைப்பதைவிடக் குறைவாகத்தான் கிடைக்கும். பலர் வாரத்தில் மூன்று நாள் சாதாரண வழக்குகளை நடத்திக்கொண்டே இதைச் செய்கிறார்கள். மது, புகையிலை, சூதாட்டம், மருந்து ஆகிய தொழில்களின் பணம் ஆய்வு நல்கை, கருத்தரங்குக் கட்டணம் என்று பல வடிவில் வரும். வாங்கியவர் எழுதும் வரைவை எதிர்த்தரப்பு ஒரு நிமிடத்தில் குப்பையில் போட்டுவிடும்.

முதன்முதலாக ஒரு வரைவைத் தந்து கருத்துக் கேட்டால் எங்கிருந்து தொடங்குவது?

வரையறைகளைப் பாருங்கள். பிறகு ‘வேண்டும்’ என்று முடியும் வாக்கியங்களையும் ‘லாம்’ என்று முடியும் வாக்கியங்களையும் இரண்டு நிறத்தில் கோடிடுங்கள். நோயாளிக்குக் கடமைகள் எல்லாம் ‘வேண்டும்’ என்றும் அரசுக்குக் கடமைகள் எல்லாம் ‘லாம்’ என்றும் இருந்தால் அதைக் குறித்து வையுங்கள். உரிமம் தரும் பிரிவு இருந்தால், உரிமம் இல்லாமல் நடத்துபவரைத் தேடிப்போய்ச் சோதிக்கும் கடமை யாருக்கு என்று பாருங்கள். 2001 ஆகஸ்டு 6 அன்று தமிழ்நாட்டின் ஏர்வாடியில் மனநல இல்லம் ஒன்றில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் தீயில் சிக்கி 28 பேர் இறந்தபோது, மனநல இல்லங்களுக்கு உரிமம் கட்டாயம் என்ற சட்டம் நடைமுறையில் இருந்தது. அந்த இல்லத்துக்கு உரிமம் இல்லை.

கடைசியாக, நடைமுறைக்கு வரும் தேதியைப் பற்றிய பிரிவைப் பாருங்கள். பெரும்பாலும் முதல் பக்கத்திலேயே, ‘அரசு அறிவிக்கும் நாளிலிருந்து’ என்ற மூன்று சொற்களில் அது ஒளிந்திருக்கும். ஏர்வாடிக்குப் பொருந்திய அந்தச் சட்டம் 1987ஆம் ஆண்டினது. அது நடைமுறைக்கு வந்தது 1993 ஏப்ரலில்.